ஹைப்பர்வைசர் பேட்சில் ஊகச் செயலாக்கக் கட்டுப்பாடு: ரிவ்யூவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மாற்றம் நாற்பது வரிகூட இருக்காது. ஒரு எம்எஸ்ஆரில் (செயலியின் நடத்தையை அமைக்கும் தனி ரெஜிஸ்டர்) எழுதும் இடம் சற்று நகர்ந்திருக்கும், ஒரு ‘இஃப்’ கூடியிருக்கும், ஒரு மேக்ரோவின் பெயர் மாறியிருக்கும். ஊகச் செயலாக்கத்தை, அதாவது அடுத்து எங்கே போகும் என்று கணித்துச் செயலி கட்டளைகளை முன்கூட்டியே ஓட்டுவதை, கட்டுப்படுத்தும் பேட்ச்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. அவற்றில் பிழை இருந்தாலும் மெஷின் பூட் ஆகும், கெஸ்ட் (ஹோஸ்ட் மெஷினில் ஹைப்பர்வைசர் ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) ஓடும், டெஸ்ட்கள் எல்லாம் பாஸ் ஆகும். தரவு கசிவது மட்டும் எந்த லாகிலும் தெரியாது. அதனால்தான் இந்த வகை மாற்றத்தில் ரிவ்யூவின் எடை மற்ற பேட்ச்களைவிட அதிகம்.

புதிதாக வருபவர்கள் ‘எழுதப்படும் மதிப்பு சரியா’ என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பாதி வேலை அதோடு முடிகிறது என்பது உண்மைதான். மீதிப் பாதியில் ஒரே கேள்வி: அந்த மதிப்பு எந்தக் கட்டளை முதல் எந்தக் கட்டளை வரை நடப்பில் இருக்கிறது, அந்த இடைவெளியில் எந்த ‘ரெட்’ (ஃபங்ஷனிலிருந்து திரும்பும் கட்டளை), எந்த இன்டைரக்ட் ஜம்ப் (ரெஜிஸ்டரிலோ மெமரியிலோ உள்ள முகவரிக்குத் தாவுவது) ஓடுகிறது? இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பேட்ச் வைத்துக்கொள்வோம். இன்டெல் விடி-எக்ஸ் (இன்டெல்லின் மெய்நிகராக்க வசதி) பாதையில், ஒவ்வொரு விஎம் எக்ஸிட்டிலும் (கெஸ்ட் நின்று கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்கு வருவது) ஸ்பெக்-கன்ட்ரோல் என்ற ஊகக் கட்டுப்பாட்டு எம்எஸ்ஆரில் ஹோஸ்டின் மதிப்பு நிபந்தனையின்றி எழுதப்படுகிறது. ‘கெஸ்ட் மதிப்பும் ஹோஸ்ட் மதிப்பும் ஒன்றாக இருந்தால் எழுத வேண்டாம், எம்எஸ்ஆரில் எழுதும் டபிள்யூஆர்எம்எஸ்ஆர் கட்டளைக்கு நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஆகின்றன’ என்று பேட்ச் சொல்கிறது. நோக்கம் நியாயமானது. ஆனால் இந்த ஒரு ‘இஃப்’புக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

படி 1: எந்த எல்லையைக் காக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

சோர்ஸ் கோடைத் திறக்கும் முன் பேட்சின் விளக்கத்தைப் படித்து, அது எந்த எல்லையைத் தொடுகிறது என்று ஒரு வரியில் குறியுங்கள். கெஸ்டிலிருந்து ஹைப்பர்வைசருக்கா, ஒரு கெஸ்டிலிருந்து இன்னொரு கெஸ்டுக்கா, ஒரே கோரில் இருக்கும் இரண்டு ஹைப்பர்த்ரெட்களுக்கு நடுவிலா, கெஸ்டின் யூசர் பகுதியிலிருந்து கெஸ்டின் சொந்தக் கெர்னலுக்கா? கடைசியாகச் சொன்னதைக் காப்பது கெஸ்டின் வேலை. அதற்கான கருவியைக் கெஸ்டின் கையில் ஒழுங்காகக் கொடுப்பது ஹைப்பர்வைசரின் வேலை.

பலரும் மறக்கும் எல்லை இன்னொன்று உண்டு: கெஸ்டிலிருந்து ஹோஸ்டின் யூசர்ஸ்பேஸில் ஓடும் டிவைஸ் எமுலேட்டருக்கு. 2025 செப்டம்பரில் வெளியான விஎம்ஸ்கேப் என்ற ஓட்டை, சிவிஇ-2025-40300, இந்த வழியில்தான் வந்தது. கெர்னலைப் பல ஆண்டுகளாகக் கவனமாகப் பூட்டி வைத்திருந்தோம். கியூஎமு போன்ற யூசர்ஸ்பேஸ் நிரலுக்குள் போகும்போது கெஸ்ட் பழக்கிவிட்ட பிராஞ்ச் பிரெடிக்டர் (கிளை எங்கே போகும் என்று கணிக்கும் பகுதி) அப்படியே இருந்தது. விஎம் எக்ஸிட்டுக்குப் பின் யூசர்ஸ்பேஸுக்குத் திரும்பும் முன்பு ஒரு ஐபிபிபி (முன்பு பழக்கிய கணிப்புகள் மேற்கொண்டு பயன்படாதபடி செய்யும் தடை) செய்வதே அதற்கான திருத்தம்.

விளக்கத்தில் எல்லையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், உங்கள் முதல் கமென்ட் அதைக் கேட்பதாகவே இருக்கட்டும். எந்தத் தலைமுறைச் செயலிகளுக்கு இந்த மாற்றம், எவற்றில் அது ஒன்றும் செய்யாது என்பதும் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 2: பிட்களை மேனுவலோடு வைத்துப் பாருங்கள்

பதினாறடிமான எண்ணில் 48 என்பது ஸ்பெக்-கன்ட்ரோல் எம்எஸ்ஆர். பிட் 0 ஐபிஆர்எஸ் (தாழ்ந்த நிலையில் பழக்கிய இன்டைரக்ட் கிளைக் கணிப்பு உயர்ந்த நிலையைப் பாதிக்காமல் தடுப்பது), பிட் 1 எஸ்டிஐபிபி (பக்கத்து ஹைப்பர்த்ரெட் பழக்கிய கணிப்பைத் தடுப்பது), பிட் 2 எஸ்எஸ்பிடி (முந்தைய ஸ்டோரைத் தாண்டி ஊகமாக மெமரியைப் படிப்பதை நிறுத்துவது). இந்த மூன்றும் இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பிட் 7, பிஎஸ்எஃப்டி (ஸ்டோரின் தரவைக் கணித்து முன்னனுப்புவதை நிறுத்துவது). இன்டெல்லில் மட்டும் இருக்கும் பிட் 10, பிஹெச்ஐ-டிஸ்-எஸ் (கிளை வரலாற்றை வைத்துச் செய்யும் தாக்குதலைத் தடுப்பது). 49 என்பது பிரெட்-கமாண்ட். அதன் பிட் 0-இல் 1 எழுதினால் ஐபிபிபி நடக்கும். அதில் எழுதத்தான் முடியும், படிக்க முயன்றால் ஜிபி ஃபால்ட் (அனுமதியில்லாத செயலுக்குச் செயலி எழுப்பும் பிழை) வரும். 10பி-யின் பிட் 0, எல்1 டேட்டா கேஷைக் காலி செய்யும். 10ஏ, ஆர்ச்-கேப்பபிலிட்டீஸ், இதைப் படிக்க மட்டுமே முடியும்.

இவற்றில் எவை உண்டு என்று சொல்வது சிபியுஐடி கட்டளை. இன்டெல்லில் லீஃப் 7, சப்லீஃப் 0-இன் ஈடிஎக்ஸில் பிட் 26 ஐபிஆர்எஸ், ஐபிபிபி இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. 27 எஸ்டிஐபிபி, 28 எல்1டி ஃப்ளஷ், 29 ஆர்ச்-கேப்பபிலிட்டீஸ், 31 எஸ்எஸ்பிடி. ஏஎம்டியில் லீஃப் 80000008-இன் ஈபிஎக்ஸில் தனித்தனியாக வருகின்றன: ஐபிபிபிக்கு பிட் 12, ஐபிஆர்எஸுக்கு 14, எஸ்டிஐபிபிக்கு 15, எஸ்எஸ்பிடிக்கு 24.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஏஎம்டியில் ஐபிபிபி மட்டும் தெரியும் கெஸ்ட் இருக்கலாம். அந்தக் கெஸ்ட் 49-இல் எழுதலாம். 48-ஐத் தொட்டால் ஜிபி ஃபால்ட் வர வேண்டும். இன்டெல்லை மனத்தில் வைத்து ‘ஒரு பிட், இரண்டு எம்எஸ்ஆர்’ என்று எழுதிய கோட் இங்கே தவறிவிடும். எஸ்டிஐபிபியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐபிஆர்எஸ் இருந்து எஸ்டிஐபிபி அறிவிக்கப்படாத இன்டெல் செயலியில் பிட் 1-ஐ எழுதினால் ஃபால்ட் வராது, செயலி அதைக் கண்டுகொள்ளாது. வெவ்வேறு செயலிகளுக்கு நடுவே கெஸ்டை நகர்த்த வசதியாக இருக்கட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை அறியாமல் ‘இந்த பிட்டையும் தடுக்க வேண்டாமா’ என்று கமென்ட் போட்டால், பேட்ச் எழுதியவருக்கு வீண் அலைச்சல்.

படி 3: எக்ஸிட் பாதையைக் காகிதத்தில் வரையுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போடுங்கள். உச்சியில் விஎம் எக்ஸிட். கீழே ஹைப்பர்வைசரின் சி கோடில் ஓடும் முதல் சாதாரண ஃபங்ஷன். இரண்டுக்கும் நடுவில் நடப்பதை எல்லாம் கட்டளை கட்டளையாகக் குறியுங்கள். டிஃப்பில் தெரியும் வரிகள் போதாது. அசெம்ப்ளி ஃபைலை முழுதாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல எக்ஸிட் பாதையின் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் கெஸ்டின் பொது ரெஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு, எக்ஸ்ஓஆர் செய்து சுழியமாக்குவது. கெஸ்ட் விட்டுச்சென்ற எண்களை ஹோஸ்ட் ஊகமாகக்கூட முகவரியாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக இது. அடுத்து, தேவைப்படும் செயலிகளில் ஆர்எஸ்பியை (ரிட்டர்ன் ஸ்டாக் பஃபர், திரும்பும் முகவரிகளைக் கணிக்கச் செயலி வைத்திருக்கும் பட்டியல்) நிரப்புவது. பிறகு கெஸ்டின் ஸ்பெக்-கன்ட்ரோலைப் படித்து வைத்துக்கொண்டு ஹோஸ்டின் மதிப்பை எழுதுவது. அதன் பின் ஒரு எல்ஃபென்ஸ் (முந்தைய கட்டளைகள் முடியும் வரை அடுத்தவற்றை ஓடவிடாத கட்டளை). இவ்வளவும் முடிந்த பிறகுதான், ஜோடியான ‘கால்’ இல்லாத முதல் ‘ரெட்’ ஓடலாம்.

ஏன் இந்த வரிசை? ‘ரெட்’ எங்கே திரும்பும் என்பதைச் செயலி ஆர்எஸ்பியைப் பார்த்துக் கணிக்கிறது. எக்ஸிட் ஆன நொடியில் அதில் இருப்பவை கெஸ்ட் வைத்த முகவரிகளாக இருக்கலாம். நிரப்புவதற்குப் பொதுவாக 32 ‘கால்’ கட்டளைகளை ஓட்டுவார்கள். ஒவ்வொரு ‘கால்’ கட்டளைக்குப் பின்னும் ஊக ஓட்டம் வந்து விழுந்தால் அதை நிறுத்திவைக்க ஒரு பொறி இருக்கும். பேட்ச் இந்த லூப்பைத் தொட்டிருந்தால் பொறி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மேம்பட்ட ஐபிஆர்எஸ் (ஒருமுறை போட்டால் போதுமான புதிய வகை) உள்ள செயலிகளுக்கு இந்த முழு நிரப்பல் வேண்டாம் என்று கருதப்பட்டது. 2022 ஆகஸ்டில் வந்த பிபிஆர்எஸ்பி, சிவிஇ-2022-26373, அந்தக் கருத்தில் ஒரு ஓட்டையைக் காட்டியது. பாதிக்கப்பட்ட செயலிகளில் ஹோஸ்ட் மதிப்பு நடப்பில் வந்த பிறகு ஒரு ‘கால்’ முழுமையாக முடிந்திருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய ஓர் எல்ஃபென்ஸும் வேண்டும். ஆகவே ‘மேம்பட்ட ஐபிஆர்எஸ் இருக்கிறதே, நிரப்பலை எடுத்துவிடலாம்’ என்று வரும் பேட்சைப் பார்த்தால் நிதானியுங்கள்.

இப்போது நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம்.

முதல் கேள்வி: ஒப்பிடும்போது கெஸ்டின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? பல ஹைப்பர்வைசர்கள் தொடக்கத்தில் 48-ஐ இன்டர்செப்ட் செய்து (கெஸ்ட் அதைத் தொட்டால் எக்ஸிட் ஆகும்படி வைத்து), கெஸ்ட் முதன்முறை சுழியமல்லாத மதிப்பை எழுதியதும் இன்டர்செப்டை நீக்கிவிடுகின்றன. நீக்கிய பிறகு கெஸ்ட் நேரடியாக ஹார்டுவேரில் எழுதும். மெமரியில் நாம் வைத்திருக்கும் பிரதி பழசாகிவிடும். அந்தப் பிரதியோடு ஒப்பிட்டால், ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று நினைத்துக்கொண்டு ஹோஸ்ட் கெஸ்டின் சுழிய மதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்டர்செப்ட் இல்லாத நிலையில், எக்ஸிட் ஆனதும் ஆர்டிஎம்எஸ்ஆர் செய்து படித்த மதிப்போ, விஎம்எக்ஸின் (விடி-எக்ஸின் கட்டளைத் தொகுதி) எம்எஸ்ஆர் சேமிப்புப் பட்டியல் தானாகச் சேமித்த மதிப்போ மட்டுமே நம்பத் தக்கது.

இரண்டாவது: பழைய ஐபிஆர்எஸ். மேம்பட்ட ஐபிஆர்எஸ் உள்ள செயலியில் ஒருமுறை 1 எழுதினால் போதும். பழைய வகையில் அப்படி இல்லை. தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்கு வந்த பிறகு 1 எழுத வேண்டும். ஏற்கெனவே 1 இருந்தாலும் மறுபடி எழுத வேண்டும். அந்த எழுத்துதான் தடையை உண்டாக்குகிறது, பிட்டின் மதிப்பு மட்டும் அல்ல. கெஸ்டும் 1, ஹோஸ்டும் 1 என்று நம் பேட்ச் எழுதாமல் தாண்டிவிட்டால் பழைய செயலியில் காப்பு இல்லை. ‘மதிப்பு மாறவில்லை, ஏன் எழுத வேண்டும்’ என்பது பெரும்பாலான ரெஜிஸ்டர்களுக்குப் பொருந்தும் நல்ல தர்க்கம். இந்த ரெஜிஸ்டரில் அது தவறு. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இதற்கெனத் தனி நிபந்தனை வைத்திருக்கிறது: மதிப்புகள் வேறாக இருந்தாலோ, பழைய ஐபிஆர்எஸ் முறை நடப்பில் இருந்தாலோ எழுது.

மூன்றாவது: அந்த ‘இஃப்’ தானே ஒரு நிபந்தனைக் கிளை. நிபந்தனைக் கிளையின் கணிப்பை ஐபிஆர்எஸ் கட்டுப்படுத்தாது. ‘எழுத வேண்டாம்’ என்ற பக்கம் போகும்படி கெஸ்ட் அதைப் பழக்கிவிட்டால், மதிப்புகள் உண்மையில் வேறாக இருந்தாலும் செயலி ஊகமாகத் தாண்டி, கெஸ்டின் மதிப்போடு மேற்கொண்டு ஓடும். இதைத் தடுக்க இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் எல்ஃபென்ஸ் இருக்க வேண்டும். எழுதும் பக்கத்துக்குள் மட்டும் வைத்த எல்ஃபென்ஸ் ஒரு பயனும் தராது. ஆபத்து எழுதாத பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தத் தவறு கண்ணில் படுவது கடினம், ஏனென்றால் கோடைப் படிக்கும்போது ‘எல்ஃபென்ஸ் இருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஏஎம்டி பாதையிலும் இதே கோட் ஓடுமானால், சி0011029 எம்எஸ்ஆரின் பிட் 1 போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்ஃபென்ஸ் அங்கே ஊகத்தை நிறுத்துவதை அந்த பிட் உறுதிசெய்கிறது.

நான்காவது: இதற்குப் பிறகும் மிச்சம் இருக்கிறதா? ஆர்டிஎம்எஸ்ஆர், ஒப்பீடு, எல்ஃபென்ஸ் எல்லாம் சேர்த்தால் மிச்சமாகும் சுழற்சிகள் எவ்வளவு என்று அளவைக் கேளுங்கள். எப்படி அளப்பது என்பதைக் கீழே சொல்கிறோம்.

படி 4: என்ட்ரி பாதை, தோற்கும் என்ட்ரி, என்எம்ஐ

கெஸ்டுக்குள் போகும்போது கெஸ்டின் மதிப்பை எழுதிய நொடியிலிருந்து ஹைப்பர்வைசர் கெஸ்டின் காப்போடுதான் ஓடுகிறது. கெஸ்ட் சுழியம் வைத்திருந்தால் காப்பே இல்லை. எனவே அந்த எழுத்து முடிந்த அளவுக்குக் கீழே, கெஸ்டுக்குள் நுழையும் கட்டளைகளான விஎம்லாஞ்ச் அல்லது விஎம்ரெஸ்யூமுக்கு அருகில் இருக்க வேண்டும். நடுவில் ‘ரெட்’ கூடாது, இன்டைரக்ட் கால் கூடாது. டிரேஸிங், கவரேஜ், கசான் போன்ற கருவிகள் கம்பைலர் வழியாகச் சத்தமில்லாமல் கால்களைச் செருகும். லினக்ஸில் இந்தப் பகுதி ஃபங்ஷன்களுக்கு ‘நோஇன்ஸ்டர்’ என்ற குறி போடுவது அதனால்தான். புதிய ஹெல்பர் ஃபங்ஷன் ஒன்றைப் பேட்ச் சேர்த்திருந்தால் அந்தக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எம்டிஎஸ் (செயலியின் உள் பஃபர்களில் மிஞ்சும் தரவு கசிவது) வகை ஓட்டைகளுக்கான வெர் டபிள்யூ கட்டளையும் இந்தப் பகுதியில் வரும். கெஸ்டின் ரெஜிஸ்டர்களை மெமரியிலிருந்து ஏற்றிய பிறகு அதை ஓட்டுவதே சரி. முன்னதாக ஓட்டினால் ஏற்றும்போது தொட்ட ஹோஸ்ட் தரவு பஃபர்களில் மிஞ்சும். பஃபர்களைக் காலி செய்வது மெமரி ஆபரண்ட் உள்ள வடிவம்தான், ரெஜிஸ்டர் வடிவத்தை நம்பக் கூடாது. இன்னொரு பொறியும் உண்டு: இந்தக் கட்டளை ஜெட்எஃப் கொடியை மாற்றிவிடும். விஎம்லாஞ்சா விஎம்ரெஸ்யூமா என்ற தேர்வு ஜெட்எஃப்பில் இருந்தால், வெர் டபிள்யூவைக் கீழே நகர்த்தியதும் அந்தத் தேர்வு குலைந்துவிடும். 2024-இல் கேவிஎம்மில் இதை நகர்த்தியபோது, தேர்வை பிடி கட்டளைக்கும் சிஎஃப் கொடிக்கும் மாற்றியது இதற்காகத்தான்.

அடுத்து, தோற்கும் என்ட்ரி. விஎம்லாஞ்ச் தவறினால் எக்ஸிட் முகவரிக்குப் போகாமல் அடுத்த கட்டளைக்கே விழலாம். அப்போது கெஸ்டின் மதிப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது. அந்தப் பாதையும் ஹோஸ்ட் மதிப்பை மீட்கிறதா? பேட்ச்கள் வழக்கமான எக்ஸிட்டைச் சரியாகச் செய்துவிட்டு இந்த மூலையை விட்டுவிடுவதுண்டு. கெஸ்ட் நிலை செல்லாதது என்பதால் தோற்கும் என்ட்ரி இன்னொரு வகை. அது எக்ஸிட் காரணம் 33-ஆக, காரண எண்ணின் பிட் 31 போடப்பட்டு, வழக்கமான எக்ஸிட் முகவரிக்கே வரும். இரண்டையும் தனித்தனியே உங்கள் தாளில் வரையுங்கள்.

என்எம்ஐ (வழக்கமான முறையில் தடுத்துவைக்க முடியாத இன்டரப்ட்) எங்கும் வரலாம். கெஸ்டின் மதிப்பை எழுதிய பிறகு, விஎம்லாஞ்சுக்கு முன்னால் ஒரு என்எம்ஐ வந்தால் அதன் ஹேண்ட்லர் எந்த மதிப்போடு ஓடும்? உள்ளே வந்ததும் ஹோஸ்டின் மதிப்பைப் போட வேண்டும். திரும்பும்போது, வந்த நேரத்தில் இருந்த மதிப்பை மீட்க வேண்டும். மறதியாக ஹோஸ்ட் மதிப்பையே விட்டுவிட்டுத் திரும்பினால், கெஸ்ட் தான் கேட்ட எஸ்எஸ்பிடி இல்லாமல் ஓடும். கெஸ்டுக்கு இது தெரியவே தெரியாது. விஎம்எக்ஸின் எம்எஸ்ஆர் ஏற்றுப் பட்டியலில் 48-ஐச் சேர்த்துவிட்டால், ஏற்றுவது என்ட்ரிக்குள்ளேயே நடப்பதால் இந்த இடைவெளி மறைகிறது. ஏஎம்டியில் சிஎல்ஜிஐ கட்டளை என்எம்ஐயையும் தடுத்துவைப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

படி 5: ஏஎம்டியைத் தனியாகப் படியுங்கள்

இன்டெல் பாதையை நகலெடுத்து ஏஎம்டிக்கு வைத்த பேட்ச்கள் அடிக்கடி வரும். ஏஎம்டியின் புதிய செயலிகளில் வி-ஸ்பெக்-கன்ட்ரோல் என்ற வசதி உண்டு. லீஃப் 8000000ஏ-இன் ஈடிஎக்ஸில் பிட் 20 அதைச் சொல்கிறது. அது இருந்தால் கெஸ்டின் மதிப்பு விஎம்சிபியின் (கெஸ்டின் நிலையை வைக்கும் மெமரி அமைப்பு) சேமிப்புப் பகுதியில் ஆஃப்செட் 2ஈ0-இல் இருக்கும். விஎம்ரன், விஎம்எக்ஸிட் நேரங்களில் ஹார்டுவேரே மாற்றிக்கொள்ளும். கெஸ்ட் ஓடும்போது நடப்பில் இருப்பது கெஸ்ட் மதிப்பும் ஹோஸ்ட் மதிப்பும் ‘ஆர்’ செய்யப்பட்ட மதிப்பு. ஹோஸ்டில் எஸ்எஸ்பிடி போட்டிருந்தால் கெஸ்டால் அதை நீக்க முடியாது. கெஸ்ட் சுழியம் எழுதும், சுழியமே படிக்கும், ஆனால் வேகம் குறைந்தபடியே இருக்கும். காப்பு நோக்கில் இதில் குறையில்லை. வேகக் குறைவுக்குக் காரணம் தேடுபவர்களைத்தான் இது அலைக்கழிக்கும். விளக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஏஎம்டி செயலிகளில் எஸ்எஸ்பிடி 48-இல் இல்லை. சி0011020 எம்எஸ்ஆரில் குடும்பத்துக்கு ஒரு பிட்: 15எச் குடும்பத்தில் பிட் 54, 16எச்-இல் 33, 17எச்-இல் 10. 17எச்-இல் இந்த எம்எஸ்ஆரை இரண்டு ஹைப்பர்த்ரெட்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று நீக்கினால் மற்றதன் காப்பும் போகும் என்பதால் எண்ணிக்கை வைத்துப் பூட்டோடு கையாள வேண்டும்; பூட்டு இல்லாத கோடைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 6: ஐபிபிபி எப்போது, யாருக்கு நடுவில்

ஒரு பிசிக்கல் சிபியுவில் விசிபியு (கெஸ்டுக்குக் காட்டும் மெய்நிகர் சிபியு) மாறும்போது ஐபிபிபி செய்வது வழக்கம். ‘இரண்டு விசிபியுவும் ஒரே கெஸ்டுடையவை, அப்போது விட்டுவிடலாமே’ என்று ஒரு பேட்ச் வரலாம். கெஸ்டின் பார்வையில் யோசியுங்கள். அதற்கு அவை இரண்டு தனிச் செயலிகள். ஒன்றில் ஒரு பிராசஸும் மற்றொன்றில் வேறு பிராசஸும் ஓடும்போது, பிரெடிக்டர் தனித்தனி என்று நம்பி அது ஐபிபிபி செய்யாமல் இருக்கும். அந்த நம்பிக்கையை நாம்தான் காப்பாற்ற வேண்டும். அந்தச் சுருக்கம் செல்லாது. ஐடிலுக்குப் போய் அதே விசிபியுவுக்குத் திரும்பினால் விட்டுவிடலாம்.

நெஸ்டட் விர்ச்சுவலைசேஷனில் இது இன்னும் கூர்மையாகிறது. மேம்பட்ட ஐபிஆர்எஸ், ஹோஸ்டையும் கெஸ்டையும் ஹார்டுவேர் நிலையை வைத்துப் பிரிக்கிறது. எல்1 ஹைப்பர்வைசரும் (நம் கெஸ்டுக்குள் ஓடும் ஹைப்பர்வைசர்) அதற்குள் ஓடும் எல்2 கெஸ்டும் ஹார்டுவேருக்கு ஒரே நிலைதான். ஆனால் எல்1-இடம் ‘மேம்பட்ட ஐபிஆர்எஸ் உண்டு’ என்று அறிவித்துவிட்டோம். அது எல்2-இலிருந்து தனக்குக் காப்பு இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. கேவிஎம்மில் இதுவே சிவிஇ-2022-2196 ஆனது. எல்2-இலிருந்து எல்1-க்குத் திரும்புவதை நாம் எமுலேட் செய்யும்போது, கெஸ்டுக்கு ஐபிஆர்எஸ் காட்டப்பட்டிருந்தால் ஒரு ஐபிபிபி செய்வதே திருத்தம். பேட்ச் நெஸ்டட் ஃபைலைத் தொடாவிட்டாலும், புதிய பிட் ஒன்றைக் கெஸ்டுக்குக் காட்டினால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அந்த பிட் தரும் வாக்குறுதி எல்1-க்கும் எல்2-க்கும் நடுவில் நிற்குமா?

படி 7: கெஸ்டுக்குக் காட்டுவதும் லைவ் மைக்ரேஷனும்

கெஸ்ட் 48-இல் எழுதும்போது அனுமதிக்கும் பிட்களின் மாஸ்க், கெஸ்டுக்குக் காட்டிய சிபியுஐடியிலிருந்து வர வேண்டும். ஹோஸ்டின் சிபியுஐடியிலிருந்து எடுத்தால், கெஸ்ட் தனக்குத் தெரியாத பிட்டைப் போட்டுவிட்டுப் பழைய செயலிக்கு நகரும்போது ஃபால்ட்டில் விழும். விசிபியு ரீசெட்டில் மதிப்பு சுழியமாகிறதா, மைக்ரேஷன் நிலையில் 48 சேர்க்கப்பட்டிருக்கிறதா, பெறும் பக்கத்தில் சிபியுஐடி முதலில் ஏற்றப்பட்டு எம்எஸ்ஆர் அதன்பின் ஏற்றப்படுகிறதா என்று பாருங்கள். வரிசை மாறினால் எஸ்எஸ்பிடி போட்ட கெஸ்டின் மதிப்பு ‘அனுமதியில்லை’ என்று நிராகரிக்கப்பட்டு மைக்ரேஷன் தோற்கும்.

ஆர்ச்-கேப்பபிலிட்டீஸில் ஒரு திசைக் குழப்பம் உண்டு. பெரும்பாலான பிட்கள் ‘எனக்கு இந்த ஓட்டை இல்லை’ என்று சொல்பவை. பிட் 0 ஆர்டிசிஎல்-நோ (மெல்ட்டவுன் ஓட்டை இல்லை), பிட் 5 எம்டிஎஸ்-நோ. பல ஹோஸ்ட்கள் உள்ள குழுவில் இவற்றை ‘அண்ட்’ செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் இருந்தால்தான் காட்டலாம். பிட் 2, ஆர்எஸ்பிஏ, எதிர்த்திசையில் பேசுகிறது: ‘ஆர்எஸ்பி காலியானால் வேறு பிரெடிக்டரைப் பார்ப்பேன், ரெட்போலினை நம்பாதே’ என்ற எச்சரிக்கை அது (ரெட்போலின் என்பது இன்டைரக்ட் ஜம்ப்பை ‘ரெட்’ வழியாகச் செய்யும் காப்பு). குழுவில் ஒரு ஹோஸ்டுக்கு இருந்தாலும் கெஸ்டுக்குக் காட்ட வேண்டும், அதாவது ‘ஆர்’. பிட் 19, ஆர்ஆர்எஸ்பிஏவும் அதே வகை. எல்லா பிட்டுக்கும் ஒரே ‘அண்ட்’ போடும் லூப்பைக் கண்டால் இந்த இரண்டையும் சுட்டிக்காட்டுங்கள்.

இதோடு சேர்த்து மூன்று இடங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். சஸ்பெண்டிலிருந்து எழும்போது 48 மீண்டும் எழுதப்படுகிறதா? பிறகு இணைக்கப்படும் சிபியுவிலும் தொடக்க வேலைகள் நடக்கின்றனவா? ஐடிலுக்குப் போகும் முன் பழைய ஐபிஆர்எஸ் நீக்கப்படுகிறதா? நீக்காவிட்டால் சில செயலிகளில் பக்கத்து ஹைப்பர்த்ரெட்டின் வேகம் குறையும்.

படி 8: கம்பைல் செய்து, பிரித்துப் பார்த்து, அளந்து பாருங்கள்

சோர்ஸைப் படித்ததோடு நிற்காமல், பேட்சைப் போட்டுக் கம்பைல் செய்து ஆப்ஜ்டம்ப்பால் பிரித்துப் பாருங்கள். எக்ஸிட் லேபிளிலிருந்து எல்ஃபென்ஸ் வரை ‘ரெட்’, நட்சத்திரக் குறியோடு வரும் ‘கால்’, ‘ஜம்ப்’ ஆகியவற்றைத் தேடுங்கள். ‘இன்லைன்’ என்று எழுதியதைக் கம்பைலர் தனி ஃபங்ஷனாக்கிவிட்டிருந்தால் இங்கேதான் பிடிபடும். பூட்டின்போது கட்டளைகளை மாற்றி எழுதும் ஆல்டர்நேட்டிவ் மேக்ரோக்கள் இருந்தால், ஒவ்வொரு செயலி வகைக்கும் எந்தக் கட்டளைகள் மிஞ்சும் என்பதையும் கையால் விரித்துப் பாருங்கள். ஒரு வகையில் எல்ஃபென்ஸே நோப் ஆகிவிடலாம்.

லினக்ஸ் ஹோஸ்டில் சிஸ்எஃப்எஸ்ஸின் சிபியு பகுதியில் உள்ள வல்னரபிலிட்டீஸ் ஃபோல்டரையும், எம்எஸ்ஆர் டூல்ஸின் ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளை எல்லா சிபியுவிலும் தரும் மதிப்பையும், பேட்சுக்கு முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். கெஸ்டில் 48-இல் 0, 1, 4, அனுமதியில்லாத ஒரு பிட் என மாறி மாறி எழுதி, எவை ஏற்கப்படுகின்றன, எதற்கு ஃபால்ட் வருகிறது என்று பாருங்கள். கேவிஎம் யூனிட் டெஸ்ட்ஸ், ஸென் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் போன்றவற்றில் இதை ஒரு சிறு டெஸ்டாக எழுதிவிடலாம். இந்தச் சோதனைகள் கெஸ்ட் இடைமுகத்தை மட்டுமே உறுதிசெய்யும். எல்ஃபென்ஸ் தவறான இடத்தில் இருப்பதை எந்த யூனிட் டெஸ்டும் சொல்லாது. அதற்குப் படி 3-இல் வரைந்த தாளே சாட்சி.

வேகத்தை அளக்க, கெஸ்டுக்குள் சிபியுஐடி கட்டளையை 10 லட்சம் முறை ஓட்டி டிஎஸ்சி (செயலியின் நேர எண்ணி) வித்தியாசத்தை எடுங்கள். இன்டெல்லில் அந்தக் கட்டளை எப்போதும் எக்ஸிட் ஆகும் என்பதால் எக்ஸிட் செலவு நேரடியாகக் கிடைக்கும். விசிபியுவை ஒரே பிசிக்கல் சிபியுவில் கட்டிவையுங்கள், கடிகார வேகம் மாறாமல் நிறுத்துங்கள், பலமுறை ஓட்டி நடுமதிப்பை எடுங்கள். கெஸ்ட், ஹோஸ்ட் மதிப்புகள் ஒன்றாக இருக்கும்போதும் வேறாக இருக்கும்போதும் தனித்தனியே அளவு வேண்டும். வேறாக இருக்கும் நிலையில் நம் எடுத்துக்காட்டுப் பேட்ச் வேகத்தைக் கூட்டாமல் குறைக்கவும் கூடும்.

படி 9: கமென்ட் எழுதும் முறை

‘இது பாதுகாப்பாகத் தெரியவில்லை’ என்ற கமென்டை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது. செயலி, பாதை, மதிப்பு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: ‘பழைய ஐபிஆர்எஸ் முறையில், கெஸ்ட் 1 வைத்திருக்கும்போது எக்ஸிட் ஆனால், இந்த ஒப்பீடு எழுத்தைத் தாண்டிவிடுகிறது. இங்கே எழுத்தே தடை என்பதால், பழைய முறையில் எப்போதும் எழுதும்படி நிபந்தனையை மாற்ற வேண்டும்.’ இப்படி எழுதினால் எழுதியவரால் உடனே சரிபார்க்க முடியும். நீங்கள் தவறியிருந்தாலும் எந்த இடத்தில் தவறினீர்கள் என்று காட்ட முடியும். கோடை ஒழுங்குபடுத்தும் வேலையும் நடத்தையை மாற்றும் வேலையும் ஒரே பேட்சில் கலந்திருந்தால் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய ஸ்டேபிள் கிளைகளுக்கு எடுத்துச் செல்பவர்களுக்கும் அது பெரிய உதவி.

ரிவ்யூவின் நடுவில், ஏற்கெனவே வெளியான கோடிலேயே உண்மையான ஓட்டை இருப்பது தெரிந்தால் பொதுவெளியில் எழுத வேண்டாம். அந்தத் திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவியுங்கள். பேட்சில் மட்டும் இருக்கும், இன்னும் சேராத பிழையை வெளிப்படையாகப் பேசலாம்.

இரண்டாம் பதிப்பு வந்ததும் உங்கள் கமென்ட்கள் தீர்ந்தனவா என்று மட்டும் பார்த்துக் கையொப்பம் போட்டுவிடாதீர்கள். கிட்டின் ரேஞ்ச்-டிஃப்பை ஓட்டி இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடுங்கள். பழைய ஐபிஆர்எஸ் நிபந்தனையைச் சேர்த்த கையோடு, எல்ஃபென்ஸ் அந்த ‘இஃப்’பின் அடைப்புக்குறிக்குள் நகர்ந்திருக்கலாம். மறுபடி கம்பைல் செய்து, அதே எக்ஸிட் லேபிளிலிருந்து கட்டளைகளை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.